கண் திறந்திருக்க வேண்டும்

நாடியை நிமிர்த்தச் சொன்னேன், நிமிர்த்தினாள். தோளைத் தளர்த்தச் சொன்னேன், தளர்த்தினாள். கமராவைப் பார்க்கச் சொன்னதும் இரண்டு கண்ணையும் இறுக்கி மூடிக்கொண்டாள்.

சாவகச்சேரி பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற என் ஸ்ரூடியோ. காலை பத்து மணி வெயில் கண்ணாடிக் கதவில் அடித்துக்கொண்டிருந்தது. நீலத் திரைக்கு முன்னால் முக்காலியில் அவள். படத்துக்குள் விழாத இடமாகப் பார்த்துத் திரையின் ஓரத்தில் தாய்.

தேசிய அடையாள அட்டைக்குப் படம் எடுக்க வந்திருந்தார்கள். ஓ.எல் பரீட்சை எழுதப் போகிற பதினாறு வயதுப் பிள்ளைக்கு அட்டை வேண்டும். அந்தப் படத்துக்கு விதி உண்டு. காது தெரிய வேண்டும், பல் தெரியக் கூடாது, கண் திறந்திருக்க வேண்டும். நான் எடுத்துக் கணினி வழியே கொழும்புக்கு அனுப்புவேன். பிழை இருந்தால் திரும்பி வந்துவிடும்.

இரண்டாம் முறையும் எடுத்தேன். மூடிய கண். நாலாம் முறை, ஏழாம் முறை. கமராவின் சின்னத் திரையில் ஒரே முகம் ஏழு தரம் இருந்தது.

"கமராவைக் கண்டால் இப்பிடித்தான் அண்ணை," என்றார் தாய். "பள்ளிக்கூடத்திலை எல்லாரையும் எடுத்த அண்டைக்கும் போகமாட்டன் எண்டு வீட்டிலை நிண்டிட்டாள். வேறை ஸ்ரூடியோவுக்குக் கூப்பிட்டன், வரேல்லை. உங்களிட்டை எண்டால் வாறன் எண்டு சொன்னாள்."

எனக்கு அது விளங்கவில்லை. அந்தப் பிள்ளைக்குக் கமராப் பயத்தை உண்டாக்கியவனே நான்தான். அங்கே நின்ற மூன்று பேருக்கும் அது தெரியும்.

பகிடிக்காரன்

போன கிழமை, மாப்பிள்ளையின் தலைப்பாகை கோயில் கிணற்றுக்குள் விழுந்த கதையை எழுதியிருந்தேன். வயிறு நோகச் சிரித்ததாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். உங்கள் கமராவுக்குள் இன்னும் எத்தனை பகிடி இருக்கிறது என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

நிறைய இருக்கிறது ஐயா. முப்பது வருடத்துக்கு மேலாக மற்றவர்களுடைய நல்ல நாட்களில் நின்று, அவர்கள் தடுக்கி விழுவதையும் தாலி கட்டும் நேரத்தில் தும்முவதையும் சேர்த்து வைத்திருக்கிறேன். பகிடி பிடிப்பதில் விண்ணன் என்று எனக்குப் பெயர். அந்தப் பெயரை நானும் மெனக்கெட்டுத்தான் சம்பாதித்தேன்.

இந்தக் கிழமை எழுதுவது அந்தப் பெயரைப் பற்றி. சிரிப்பதற்காக இந்தப் பக்கத்தைத் தேடி வருகிறவர்கள் இப்போதே தாண்டிப் போய்விடலாம், கோபிக்க மாட்டேன்.

பிள்ளையை மதுரா என்று சொல்கிறேன். அது அவளுடைய பெயரில்லை. உண்மைப் பெயரை ஏற்கெனவே போதுமான பேர் எழுதிவிட்டார்கள்.

தொண்டைமானாற்றுக் கரையில்

மதுராவுக்குப் பன்னிரண்டு வயதில் சாமத்தியவீடு செய்தார்கள். பிள்ளை பெரியவளானால் தாய்மாமன் தலைக்குத் தண்ணீர் வார்த்து, ஆலாத்தி எடுத்து, ஊரைக் கூப்பிட்டுச் சோறு போடுவது எங்கள் வழக்கம். இப்போது அதனோடு இன்னொரு நாளும் சேர்ந்திருக்கிறது. சடங்குக்கு முன்பே பிள்ளையை வெளியிடங்களுக்குக் கொண்டுபோய், சினிமாப் பாட்டில் வருவதுபோல நடக்கவும் திரும்பவும் வைத்து வீடியோ எடுக்கிறோம். சடங்கு நடக்கும்போது மண்டபத்தில் பெரிய திரையில் அது ஓடும். யார் தொடக்கிவைத்தது என்று கேட்காதீர்கள். தொடக்கியவர்களில் நானும் ஒருவன்.

தாய்மாமன் இலண்டனிலிருந்து வந்திருந்தார். தகப்பன் கட்டாரில் நின்றதால் எல்லாப் பொறுப்பும் அவருடையது. நல்ல மனிதர், மருமகளில் உயிர். என்னிடம் அவர் இரண்டு விஷயம் கேட்டார். ட்ரோன் பறக்க வேண்டும். வெளிநாடுகளில் இருக்கிற சொந்தம் முழுக்கப் பார்க்கிறமாதிரி வீடியோவை இணையத்தில் போட வேண்டும்.

அவர்களுக்கு மட்டும் திறக்கிறமாதிரியும் போடலாம் என்று சொன்னேன். பெரியம்மாமாருக்கு அந்தக் கடவுச்சொல் எல்லாம் தட்டத் தெரியாது, பொதுவாகவே விட்டுவிடுங்கள் என்றார். நான் மறுத்துக் கதைக்கவில்லை. பொதுவில் விட்டால் பார்க்கிறவர்கள் எல்லோரும் என் ஸ்ரூடியோவின் பெயரையும் பார்ப்பார்கள்.

தொண்டைமானாற்றில், பாலத்துக்கு இந்தப் பக்கம், நீரேரிக் கரையில் எடுத்தோம். நாலு உடுப்பு மாற்றம். நாங்கள் வந்த வான் வண்டிக்குள் படுக்கை விரிப்பைக் கட்டி மறைத்துத் தாய் உடுத்திவிட்டார். பூச்சு வேர்வையில் இறங்கிக்கொண்டிருந்தது. உப்புக் காற்றில் பாவாடை காலைச் சுற்றியது. பிள்ளை நடந்ததை விட வலை இழுத்தவர்களின் கூடையில் என்ன இருக்கிறது என்று எட்டிப் பார்த்ததுதான் அதிகம்.

கடைசி உடுப்பில், நடந்து வந்து திரும்பி ஒரு கண்ணை அடிக்கச் சொன்னேன். அவளுக்குத் தெரியவில்லை. நான் கமராவை விட்டு வெளியே வந்து, "இப்பிடி" என்று அடித்துக் காட்டினேன். குடை பிடித்துக்கொண்டு நின்ற தாய் விழுந்து விழுந்து சிரித்தார். மதுரா செய்தாள். இரண்டு கண்ணும் சேர்ந்து மூடின, மூக்குச் சுருங்கியது, வாய் ஒரு பக்கம் கோணியது. திரும்பச் செய்தாள், அதே முகம்.

"எனக்கு ஒரு கண்ணைத் தனிய மூடத் தெரியாது ஸ்ரூடியோ மாமா," என்று சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள்.

வெட்டித் தொகுக்கும்போது அதை நான் எறிந்திருக்க வேண்டும். எறியவில்லை. வீடியோவின் கடைசியில் வைத்தேன். அத்தனை பூச்சுக்கும் நகைக்கும் நடுவில் அந்த ஓர் இடத்தில்தான் பன்னிரண்டு வயதுப் பிள்ளை தெரிந்தாள். எனக்கு அது பிடித்திருந்தது. ஆசையோடு வைத்தேன் என்பதால் நடந்தது எதுவும் குறைந்துவிடவில்லை.

கசெற்றும் பூஞ்சணமும்

இந்த இடத்தில் பழைய கதை ஒன்று சொல்ல வேண்டும்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு இடப்பெயர்வுக்குக் கொஞ்சம் முந்திய காலம். மின்சாரம் இல்லை. ஜெனரேற்றரை மண்ணெண்ணெயில் ஓட்டி, அந்தப் புகைக்குள் நின்று ஒரு சாமத்தியவீட்டை வீடியோ எடுத்தேன். ஆலாத்தி எடுக்கிற நேரத்தில் பிள்ளைக்குச் சாறி தடுக்கி, நிறைகுடத்தோடு சேர்ந்து விழுந்துவிட்டாள். அதையும் விடாமல் எடுத்தேன்.

அந்தக் கசெற்றை வீட்டுக்காரர் ஒரு மாதம் போட்டுப் போட்டுச் சிரித்தார்கள். பிறகு கொழும்புக்குப் போன ஒருவரின் பையில் வைத்து, அங்கிருந்து கனடாவுக்கு அனுப்பினார்கள். கனடாவிலும் ஒரு வீட்டின் கூடத்துக்குள் பத்துப் பேர் சிரித்திருப்பார்கள். பிறகு அலுமாரிக்குள் கிடந்து பூஞ்சணம் பிடித்துவிட்டது.

விழுந்த பிள்ளைக்கு இப்போது நாற்பது தாண்டியிருக்கும். போன வருடம் மகளுக்குப் படம் எடுக்க என்னிடம் வந்தார். அவர் விழுந்தது அவருக்கும் எனக்கும் மட்டும்தான் ஞாபகம் இருந்தது. சொல்லிச் சிரித்தோம்.

அந்தக் காலம் திறம் என்று சொல்ல வரவில்லை. அந்தக் காலத்தில் எங்களை எது எதுவோ கொன்றது. ஆனால் அந்தப் பிள்ளையைப் பூஞ்சணம் காப்பாற்றியது. நானும் அதே ஆள்தான், அதே பகிடிதான் பிடித்தேன்.

ஒன்பது விநாடி

முதலில் வெட்டியவர் வெளியாள் இல்லை. தாய்மாமனுடைய மகன், இலண்டனில் படிக்கிறவர். மச்சாளைச் சீண்டுவதற்காக அந்த ஒன்பது விநாடியை மட்டும் வெட்டி, மெதுவாக ஓடவிட்டு, ஓர் ஆட்டின் சத்தத்தைச் சேர்த்துக் குடும்பத்தின் வட்சப் குழுவில் போட்டிருக்கிறார். பெரியம்மாமார் எல்லோரும் சிரித்து உருளும் முகங்களைக் கீழே போட்டிருக்கிறார்கள். அந்தக் குழுவில் நாற்பது பேர். யாரோ ஒருவர் வெளியே விட்டார். யார் என்று இன்றுவரை தெரியாது. அந்த மகன் பிறகு அழுதுகொண்டு மன்னிப்புக் கேட்டாராம்.

சின்ன வீடியோக்கள் ஓடுகிற செயலி ஒன்றில் அது ஏறியது. சில நாட்களில் ஆட்டுச் சத்தத்துக்குப் பதில் சினிமாப் பகிடி வந்தது. பிறகு பெடியள் தங்கள் முகத்தை அவளுடைய முகத்துக்குப் பக்கத்தில் வைத்து அதேபோல் செய்து போட்டார்கள். பிறகு கலியாணம் கட்டி இரண்டு பிள்ளை பெற்ற ஆம்பிளைகளும் செய்தார்கள். கீழே எழுதியவற்றில் சிலதை நான் வாசித்தேன். பன்னிரண்டு வயதுப் பிள்ளையைப் பற்றி எழுதுகிறோம் என்ற நினைப்பு ஒருவருக்கும் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் போகிற இடமெல்லாம் அது அவளுக்கு முன்னாலேயே போயிருந்தது. மாலை வகுப்புக்குப் போகிற ரியூட்டரி வாசலில் சைக்கிளோடு நிற்கிற பெடியள் ஒன்றும் பேச மாட்டார்கள். அவள் வரும்போது எல்லோரும் இரண்டு கண்ணையும் மூடித் திறப்பார்கள். அவ்வளவுதான். வாத்தியாரிடம் சொல்வதற்கும் அதில் ஒன்றும் இல்லை. கண் சிமிட்டினார்கள் என்று யாரிடம் முறையிடுவது? பஸ்ஸில் ஒரு கண்டக்டர் செய்தாராம். தீர்த்தத் திருவிழாவில் சாமிக்கு முன்னால் நின்று ஒருத்தி செய்தாளாம். மதுரா ரியூட்டரிக்குப் போவதை நிறுத்தினாள். பிறகு கோயிலுக்கு. பள்ளிக்கூடத்துக்குக் கிழமையில் மூன்று நாள் போனாள், அதுவும் தாய் கெஞ்சியபடியால்.

இன்னொன்றும் நடந்தது. தாய் இதை என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார். ஆட்களுக்கு முன்னால் பிள்ளை கண் இமைப்பதில்லை. இமைத்தால் யாரோ சிரிப்பார்கள் என்று திறந்த கண்ணைத் திறந்தபடியே வைத்துக்கொண்டிருப்பாள். கண் சிவந்து, தண்ணீர் ஓடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். போன் பார்ப்பதைக் குறைக்கச் சொல்லித் துளிமருந்து கொடுத்தார்கள். அவளிடம் போனே இல்லை.

இரண்டு நாளில் அடங்கும்

வீடியோ பரவத் தொடங்கிய கிழமையிலேயே தாய் எனக்கு அழைப்பெடுத்தார். "அண்ணை, உங்கடை ஸ்ரூடியோவின்ரை இணையப் பக்கத்திலை கிடக்கிறதை எடுத்துவிடுங்கோ. அதிலையிருந்துதானாம் எல்லாரும் திரும்பத் திரும்ப வெட்டுறாங்கள்."

நான் சொன்ன பதிலைச் சொல்லுக்குச் சொல் எழுதுகிறேன். "ரெண்டு நாளிலை அடங்கியிடும் தங்கச்சி. நாங்கள் பதகளிச்சால்தான் பெரிசாகும்."

பொய். அந்தக் கிழமைதான் என் பக்கத்துக்கு முன்பு எப்போதும் வராத அளவுக்கு ஆட்கள் வந்தார்கள். சாமத்தியவீடு வைத்திருந்த தாய்மார் அழைத்து, அதே ஆற்றங்கரை வேண்டும், அதே ட்ரோன் வேண்டும் என்று கேட்டார்கள். வைகாசி முழுக்க எனக்கு ஓய்வில்லை. தாய் மூன்று தரம் அழைத்தார். மூன்று தரமும் இரண்டு நாள் என்றேன்.

என் மனைவிக்கு விஷயம் தெரிந்தது பிறகுதான். அல்பம் ஒட்டிக்கொண்டிருந்த கையைத் துடைத்துவிட்டு எனக்கு முன்னால் வந்து நின்றாள். "எங்கடை பிள்ளை எண்டால் எத்தினை நாள் வைச்சிருப்பியள்?" என்று மட்டும் கேட்டாள். அன்று மத்தியானம் எடுத்தேன். எழுபது நாட்கள் வைத்திருந்திருக்கிறேன். அதற்குள் எத்தனை பேர் வெட்டிவைத்துக்கொண்டார்கள் என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

பிறகு ஒரு கூட்டத்தில் என்னை மேடையில் ஏற்றிப் பேசச் சொன்னார்கள். போனால் பிள்ளைகள் கெட்டுப்போகிறார்கள் என்று எனக்கு முன்னால் பேசியவர்கள் எல்லோரும் சொன்னார்கள். நானும் அதையே சொல்லிவிட்டு இறங்கி, தேத்தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். வெட்கம் கெட்டவன்.

முக்காலியில் நான்

இனி அந்தக் காலைக்கு வருகிறேன்.

ஏழு படமும் பிழையாய்ப் போன பிறகு, அம்மா வெளியே போய் நிற்கட்டும் என்று மதுரா சொன்னாள். வந்ததிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். தாய் கைப்பையை அவளிடம் விட்டுவிட்டுக் கண்ணாடிக் கதவுக்கு வெளியே போனார்.

"இந்தப் படம் எங்கை போகும்?"

கொழும்புக்கு, ஆட்பதிவுக் கந்தோருக்கு என்றேன். அட்டையில் வரும், வேறெங்கும் போகாது என்றேன்.

"அதுவும் வேறை எங்கையும் போகாது எண்டுதானே நினைச்சனியள்."

சொல்ல வேண்டும் என்று பல மாதமாக மனதில் அடுக்கி வைத்திருந்த மன்னிப்பு ஒன்று இருந்தது. அது நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அந்த முகத்துக்கு முன்னால் எடுபடாது என்று தெரிந்தது.

அவள் முக்காலியை விட்டு எழுந்தாள். தாயின் போன் அவளுடைய மடியில் இருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. முக்காலியைக் காட்டி, "நீங்கள் இருங்கோ" என்றாள். இருந்தேன். விளக்கு நேரே முகத்தில் அடித்தது. இத்தனை வருடத்தில் அந்த முக்காலியில் நான் இருந்ததே இல்லை. அந்த விளக்கு இவ்வளவு சுடும் என்று எனக்குத் தெரியாது.

"அண்டைக்கு எனக்குச் செய்து காட்டினீங்கள். இப்ப செய்யுங்கோ."

போனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். நான் ஒரு கண்ணை அடித்தேன்.

"அப்பிடியில்லை. ரெண்டும்."

இரண்டு கண்ணையும் மூடினேன். இமைக்குள் சிவப்பாக இருந்தது. அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சத்தமே இல்லை. வெளியே கொடிகாமம் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிடுகிறார்கள். கண்ணைத் திறக்கலாமா என்று தெரியவில்லை. அவள் இன்னும் எடுத்துக்கொண்டிருக்கிறாளா, அனுப்பிவிட்டாளா, எத்தனை பேர் பார்க்கிறார்கள், ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அறுபது நெருங்குகிறது. தொடை நடுங்கியது.

திறந்தபோது அவள் போனைத் தாயின் கைப்பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள்.

"உந்த வீடியோவை என்ன செய்யப்போறாய் பிள்ளை?"

"தெரியாது," என்றாள். வன்மமாகச் சொல்லவில்லை. உண்மையாகவே தெரியாதவள் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

பிறகு வந்து முக்காலியில் இருந்தாள். நாடியை நான் சொல்லாமலே நிமிர்த்தினாள். காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கினாள். கமராவை நேரே பார்த்தாள். ஒரே ஒரு படம். கொழும்பு அதை ஏற்றுக்கொண்டது.

மீசாலைக்கு முன்

அன்றிலிருந்து நான் போனைக் கையிலிருந்து வைக்கவில்லை. எழும்பியதும் பார்ப்பேன், சாப்பிடும்போது பார்ப்பேன். மண்டபங்களில் யாராவது போனைப் பார்த்துச் சிரித்தால் என்னைத்தான் பார்க்கிறார்கள் என்று கிட்டப் போய் எட்டிப் பார்ப்பேன். அந்த வீடியோவுக்கு என்ன தலைப்பு வைப்பார்கள், எந்த மிருகத்தின் சத்தத்தைப் போடுவார்கள் என்று நானாகவே யோசித்துப் பார்ப்பேன். தொழில் பழக்கம்.

மூன்று மாதம் இப்படிப் போனது. வரவில்லை. நாளைக்கு வரும் என்று நினைப்பேன்.

அதற்கிடையில் பரீட்சை வந்தது. மதுரா அட்டையோடு போய் முதல் நாள் எழுதினாள், இரண்டாம் நாளும் எழுதினாள். கணிதம் நடந்த நாளில், மண்டபத்துக்குள் போகிற வரிசையில் முன்னால் நின்றவன் திரும்பி அவளைப் பார்த்து இரண்டு கண்ணையும் மூடித் திறந்தானாம். வேறு பள்ளிக்கூடத்துப் பெடியன். அந்த வீடியோ வந்தபோது அவனுக்கும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுதான் இருந்திருக்கும். அவள் வரிசையை விட்டு வெளியே வந்து பஸ் ஏறிவிட்டாள். மிச்சப் பாடம் ஒன்றுக்கும் போகவில்லை.

இதை எனக்குச் சொன்னது தாய். போன மாதம் தனியாக வந்திருந்தார். உடுவிலில் இருக்கிற சித்தி வீட்டில் பிள்ளையை விட்டிருக்கிறாராம். அங்கே அவளை ஒருவருக்கும் தெரியாது என்றார். பிறகு, தெரியாமலா இருக்கும் என்று தானே சொன்னார். ஒரு தையல் வகுப்புக்கு விண்ணப்பம் போட நாலு படம் தேவை.

"பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரலாமே," என்றேன்.

"வரமாட்டாள் அண்ணை. இனிப் படம் எடுக்கவே மாட்டாளாம். அட்டைக்கு எடுத்ததையே அடிச்சுத் தாங்கோ."

கணினியில் அவளுடைய கோப்பைத் தேடினேன். தேடிக்கொண்டே, முகத்தைத் திருப்பாமல், அன்றைக்கு உங்களுடைய போனில் பிள்ளை என்னை எடுத்த ஒரு வீடியோ இருக்குமே, அது என்ன ஆனது என்று கேட்டேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அதோ? அண்டைக்கே அழிச்சுப்போட்டாள். பஸ் மீசாலை தாண்ட முந்தி. அப்பதான் அது என்னெண்டு எனக்குச் சொன்னவள். வைச்சிருப்பம், ஒருநாளைக்கு உதவும் எண்டு நான் சொன்னன். வேண்டாமம்மா, அந்தாள் நடுங்கினது எண்டு சொன்னாள்."

சாவகச்சேரியிலிருந்து மீசாலைக்குப் பஸ்ஸில் பத்து நிமிடம்.

நான் எழுபது நாட்கள் வைத்திருந்தேன். வாசிக்கிறவர்கள் எனக்கு ஆறுதல் எழுத வேண்டாம்.

நாலு படம் அடித்தேன். ஓரத்தை வெட்டி உறையில் போடும்போது ஒன்றை மட்டும் விளக்குக்குக் கீழே பிடித்துப் பார்த்தேன். காது தெரிகிறது. பல் தெரியவில்லை. இரண்டு கண்ணும் திறந்திருக்கின்றன. கண்களின் கீழ் விளிம்பில் நீர் நிறைந்து நிற்கிறது. அந்தப் பிள்ளை இமைக்காமல் இருக்கிறாள்.